திரும்பிப்பாத்தான் செல்லச்சாமி

நயினார்கோவில் பக்கத்தில் செல்லச்சாமி என்று கேட்டால், எந்தச் செல்லச்சாமி என்று திருப்பிக் கேட்பார்கள். ஒரே ஊரில் மூன்று பேர் இருந்தால் அப்படித்தான். டிராக்டர்காரர் என்றால்கூடப் போதாது. 'திரும்பிப்பாத்தான்' என்று சொன்னால்தான் வீட்டைக் கைகாட்டுவார்கள். அறுபத்து மூன்று வயது மனிதருக்கு இப்படியொரு பட்டப்பெயரா என்று வெளியூர்க்காரர்கள் சங்கடப்படலாம். ஊர்க்காரர்களுக்கு அந்தச் சங்கடமெல்லாம் கிடையாது.

உழும்போது டிராக்டர்காரன் திரும்பித் திரும்பிப் பார்ப்பது வழக்கம்தான். கலப்பை இறங்குகிறதா, கல் மாட்டிக்கொண்டதா என்று பார்த்தாக வேண்டும். ஆனால் செல்லச்சாமி தார் ரோட்டிலும் திரும்பிப் பார்ப்பார். பின்னால் கலப்பையோ டிரைலரோ இல்லாமல் வெறும் வண்டி போகும்போதும் பார்ப்பார். எதற்கு என்று கேட்டால், "பழக்க தோசம்" என்பார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று ஊரும் விட்டுவிட்டது.

அது தொட்டில் பழக்கம் இல்லை. அதற்கு ஒரு தேதி உண்டு.

முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மாசிமாதக் காலை. டிரைலரில் மிளகாய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பரமக்குடி சந்தைக்குப் புறப்பட்டார். மூட்டைகளுக்கு மேலே அவருடைய மனைவி சேதுலட்சுமி உட்கார்ந்திருந்தாள். புறப்படும்போதே இருவருக்கும் ஒரு சின்னச் சண்டை. எதைப் பற்றி என்று இப்போது இருவருக்குமே ஞாபகம் இல்லை. ஓடைப் பள்ளத்தில் டிரைலர் ஒரு தூக்குத் தூக்கிப் போட்டதில் மூட்டையோடு மூட்டையாக அவள் கீழே விழுந்தாள். இடது கை முறிந்துவிட்டது. டிராக்டர் சத்தத்தில் அவள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போய், "வெயில் ஏறிப்போச்சுல்ல?" என்று சமாதானமாக ஒரு வார்த்தை கேட்டார். பதில் வரவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை போல என்று நினைத்து, பாட்டுப் பாடிக்கொண்டே போய்விட்டார். பின்னால் வந்த பஸ்காரர்கள் சேதுலட்சுமியைத் தூக்கி ஏற்றிக்கொண்டார்கள். அந்தப் பஸ் டிராக்டரைத் தாண்டிப் போனது. முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக அவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிப் பாடிக்கொண்டு, உலகத்தில் ஒரு குறையும் இல்லாத ராஜா மாதிரி வந்துகொண்டிருந்தார்.

விழுந்ததை அவள் மன்னித்துவிட்டாள். பள்ளம் என்றால் விழத்தான் செய்வார்கள். தான் இல்லாத டிரைலரை இழுத்துக்கொண்டு ரெண்டு மைல் பாடிக்கொண்டு வந்தாரே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் ஓட்டுகிற எதிலும் அவள் ஏறியதில்லை. டிராக்டரும் கிடையாது, மொபெட்டும் கிடையாது. ஒரே கல்யாணத்துக்கு அவர் மொபெட்டில் போவார், அவள் பஸ்ஸில் வருவாள். மற்றபடி சோறு, தண்ணி, பேச்சு, சிரிப்பு எதிலும் குறை வைத்தவளில்லை. நல்ல பெண்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கருங்கல்.

கோயம்புத்தூரில் இருக்கிற மகள் சத்யப்பிரியா போன வருடம் கார் வாங்கினாள். தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது நாலு நாளும் கண்மாய்க்கரையில் அதை ஓட்டியது செல்லச்சாமிதான். அவள் கோயம்புத்தூருக்குத் திரும்புகிற அன்றைக்கு மெதுவாகச் சொன்னார்: "ஒங்கம்மாவ ஒரு நாளாச்சும் பக்கத்துல ஒக்கார வச்சு ஓட்டணும்த்தா. அது போதும் எனக்கு." சொல்லிவிட்டு, டயரைப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டார்.

மகள் கெட்டிக்காரி. தன் வண்டியில் என்றால் அம்மா சாக்குச் சொல்வாள் என்று, ராமேஸ்வரத் தீவில் தங்கச்சிமடத்தில் அப்பாவே ஓட்டிக்கொள்கிற மாதிரி ஒரு நாளைக்கு ஒரு வாடகைக் காரைப் பேசி முடித்துவிட்டாள். "கார் சொல்லியாச்சும்மா, பணமும் கட்டியாச்சு. போய்ச் சுத்திப் பாத்துட்டு வாங்க" என்றாள். சேதுலட்சுமி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"பின் சீட்டுலதான் ஒக்காருவேன். கதவப் பூட்டிக்கிட்டு. விழுந்துர மாட்டேன்ல."

பேர் சேதுலட்சுமி. பிள்ளை வரம் வேண்டிச் சேதுக் கடலில் குளித்துவிட்டுப் போன தாய் தகப்பனுக்குப் பிறந்தவள். ஆனால் ராமேஸ்வரத்துக்கு அவள் வந்ததெல்லாம் யாராவது செத்த பிறகுதான். மாமனார் சாம்பலைக் கரைக்க, அம்மாவுக்குத் திதி கொடுக்க, அண்ணனுக்கு. வேனில் முப்பது பேரோடு வந்து, ஈரச்சேலையோடு திரும்பிப் போவாள். இந்தத் தடவை யாரும் சாகவில்லை. அதுவே அவளுக்குப் புதுசாக இருந்தது. பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியபோது, திதி கொடுக்கிற பையை வீட்டில் வைத்துவிட்டோமோ என்று ஒரு முறை திடுக்கிட்டாள்.

காருக்குச் சொந்தக்காரி லீமாரோஸ். ஐம்பது வயது, கடற்கரைக் குடும்பம். புருஷன் பங்குக்கு வந்த படகை விற்றுவிட்டு இந்த ஒரு காரை வாங்கி வாடகைக்கு விடுகிறாள். கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து. பின்கண்ணாடியில் படகில் எழுதுகிற மாதிரியே பெரிதாகச் 'சகாய மாதா துணை'. லைசென்சைக் கையில் வாங்கி, போட்டோவையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கார் ஓட்டியிருக்கீகளாண்ணே?"

"டிராக்டர் நாப்பது வருசம்."

"நான் காரக் கேட்டேன்."

"மக கார ஓட்டியிருக்கேன்."

"எத்தன நாளு?"

"நாலு."

லீமாரோஸ் சேதுலட்சுமியைப் பார்த்தாள். சேதுலட்சுமி வானத்தைப் பார்த்தாள். ஆனாலும் வாக்குக் கொடுத்தாயிற்று, கோயம்புத்தூர்ப் பிள்ளை போனில் அவ்வளவு பிரியமாகப் பேசியிருக்கிறாள். சாவியை நீட்டியபடி ஒவ்வொன்றாகச் சொன்னாள். மணலில் இறக்கக் கூடாது. அலை தெறிக்கிற இடத்தில் நிறுத்தக் கூடாது. "உப்பு தின்னுரும்ணே. படகுன்னா மரம், தாங்கும். இது இரும்பு." கடைசியாக மடித்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைக் கொடுத்தாள். "தீர்த்தமாடிட்டு ஈரத்தோட ஏறுனா இத விரிச்சுட்டுத்தான் ஒக்காரணும்க்கா."

செல்லச்சாமி முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சேதுலட்சுமி பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். அவர் முன்கதவைச் சாத்தினார். சத்தம் வராமல் சாத்தினார்.

ராமேஸ்வரத்தை அவர் சுற்றிய அழகைச் சொல்ல வேண்டும். வெயிலில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிப் பழகிய உடம்பு, கார் சீட்டிலும் சாய மறுத்தது. வேகம் முப்பதைத் தாண்டவில்லை. பின்னால் சைக்கிள் வந்தாலும் இடது பக்கம் ஒதுங்கி, வலது கையை வெளியே நீட்டி, போ போ என்று மரியாதையாக அனுப்பிவைத்தார். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு வழிப்பாதையில் சிக்கி, அதே பூக்கடையை மூன்று தடவை கடந்தார். மூன்றாவது தடவை பூக்கடைக்காரப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கோயிலத்தான் மூணு சுத்து சுத்துவாக. நீங்க ஊரையே சுத்துறீக" என்றாள் சேதுலட்சுமி பின்னாலிருந்து.

"சுத்திப் பாக்கத்தான வந்தோம்?"

"முன்னாடி பாத்து ஓட்டுங்க சாமி. பேசுறதுக்குக் காதுதான் வேணும், கண்ணு வேண்டாம்."

அவர் திரும்பிக்கொண்டேதான் இருந்தார். நூறடிக்கு ஒரு தடவை. கழுத்து தானாகத் திரும்பும், பின் சீட்டைத் தொட்டுவிட்டு முன்னால் வரும். அவள் ஒவ்வொரு தடவையும் கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். ஆனால் தனுஷ்கோடி ரோட்டுக்கு வந்ததும் பிடியைக் கொஞ்சம் விட்டாள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நூல் பிடித்த மாதிரி ரோடு. கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றில் முகத்தைக் கொடுத்தாள். அவர் திரும்பிப் பார்த்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பார்த்து இல்லை, கடலைப் பார்த்துத்தான். அதுவும் போதும் என்று நினைத்தார்.

ரோடு முடிகிற அரிச்சல்முனைக்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பழைய டிராக்டர்காரன் எவனும் வண்டியைச் சமதரையில் நிறுத்த மாட்டான். பேட்டரி எந்த நேரம் கழுத்தறுக்கும் என்று தெரியாது. அதனால் இறக்கமாகப் பார்த்து, மூக்கைக் கீழ்ப்பக்கம் வைத்து, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்துவான். கல்லை எடுத்தால் வண்டி உருளும், கியரில் விட்டால் கிளம்பிவிடும். நாற்பது வருடமாகச் செல்லச்சாமி கடை வாசலோ கல்யாண மண்டபமோ, முதலில் இறக்கத்தைத்தான் தேடுவார். ரோட்டோரம் முழுக்க அலைக்குத் தடுப்பாகப் பாறைகளைப் போட்டிருந்தார்கள். ஓரிடத்தில், மீன் வண்டி இறங்குவதற்குக் கற்களுக்கு நடுவே ஒரு வழி விட்டிருந்தது. அழகான இறக்கம். அவருடைய கை அவரைக் கேட்காமலே ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டது. லீமாரோஸ் சொன்னது ஞாபகத்துக்கு வரும்போது முன்சக்கரம் மணலில் இருந்தது. மணல் கெட்டியாகத்தான் இருக்கிறது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒரு கல்லையும் தேடி எடுத்து முட்டுக் கொடுத்தார்.

அரைமணி நேரம் இருவரும் முனைவரை நடந்து போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். முட்டுக் கொடுத்த கல்லைக் காணோம். அதை மணல் முழுங்கியிருந்தது. முன்சக்கரம் இரண்டும் பாதி இறங்கிவிட்டன. மத்தியானக் காற்று எழும்பி, அலை பத்தடி தூரத்தில் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

"நீ தள்ளி மேல போயி நில்லு" என்று சொல்லிவிட்டுச் செல்லச்சாமி ஏறி, ரிவர்ஸ் போட்டு மிதித்தார். சேற்று வயலாக இருந்தால் டிராக்டர் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கும். இது மணல். மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டது. முன்பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டது. முதல் அலை வந்து பம்பரை நக்கிவிட்டுப் போனது.

இறங்கி நின்றார். முகம் செத்துவிட்டது. படகை விற்று வாங்கிய கார். அந்தப் பெண்ணுக்கு வேறு பிழைப்பில்லை. இவளோ முப்பத்தோரு வருடத்துக்குப் பிறகு ஒரு நாள் நம்பி ஏறி உட்கார்ந்தவள். இனி இந்த ஜென்மத்தில் ஏற மாட்டாள்.

சேதுலட்சுமி மேலே போகவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, இரண்டு கையாலும் மணலை அள்ளி அள்ளி எறிந்தாள். ஓர் அலை வந்து இடுப்புவரை நனைத்தது. அவரும் எதிர்ச் சக்கரத்தில் உட்கார்ந்து அள்ளினார். அப்போதும் கழுத்தை நீட்டி நீட்டி அவளைப் பார்த்தார்.

"சக்கரத்தப் பாருங்க. என்னய என்ன பாக்கிறது?" என்றாள். பிறகு கையை நிறுத்தி, எத்தனையோ வருடமாகக் கேட்காததைக் கேட்டாள். "காலையிலருந்து கேக்கணும்னுதான் இருந்தேன். கார்ல என்ன கலப்பையா கட்டியிருக்கு? எதுக்கு இப்படித் திரும்பித் திரும்பிப் பாக்குறீக?"

அவர் மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீ இருக்கியான்னுதான்."

"ஊரு ரோட்டுலயும் அப்படித்தான் போறீகளாம். அங்கன நான் எங்க இருந்தேன்?"

"தெரியும். இருந்தாலும் கழுத்து திரும்பிருது சேது. அன்னைக்குப் பாக்கல. அதான்."

அவள் மறுபடி மணலை அள்ளத் தொடங்கினாள். ஆனால் அள்ளுகிற வேகம் குறைந்திருந்தது. மூக்கை ஒரு தடவை தோளில் துடைத்துக்கொண்டாள். கடல் தண்ணீர் தெறித்திருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆண்களுக்கு அவ்வளவுதான் புரியும்.

கொஞ்ச தூரத்தில் ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து பேர் கரைவலை இழுத்து முடித்து மீனை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் வியாகுலம், பின்கண்ணாடி எழுத்தைப் பார்த்ததுமே ஓடிவந்தார்.

"ஏலே, நம்ம லீமாக்கா வண்டியில்ல இது! கயித்தக் கொண்டாங்க, ஓடுங்க!"

ஆட்கள் வருவதற்குள் போனைப் போட்டுவிட்டார். "அக்கா, ஒன் காரு கடலுக்குக் குளிக்க வந்துருக்கு." அந்தப் பக்கம் லீமாரோஸ் போட்ட கூச்சல் போனைத் தாண்டி எல்லோருக்கும் கேட்டது. செல்லச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். கூச்சல் ஓய்ந்து அவள் கேட்டதும் கேட்டது: "கார் கிடக்கட்டும், அந்த அக்காவுக்கு ஒண்ணும் இல்லல்ல? பத்திரமா இருக்காகளா?" முன்பின் தெரியாத மனுஷி இப்படிக் கேட்டதும், அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த செல்லச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

வலைக்கயிற்றைக் காரின் பின்கொக்கியில் கட்டினார்கள். சக்கரத்துக்கு அடியில் பனை மட்டைகளைச் செருகினார்கள். பாறைகளுக்கு நடுவே வழி குறுகல், அதுவும் கோணல். அதில் பின்பக்கமாக ஏற்ற வேண்டும். இம்மி பிசகினால் கதவு கிழிந்துவிடும்.

"நான் வேணா ஏறி ஓட்டவாய்யா?" என்று கேட்டார் வியாகுலம்.

செல்லச்சாமி நிமிர்ந்தார். "ரிவர்ஸ்தானப்பா? அத மட்டும் எங்கிட்ட விடுங்க."

டிரைலரைப் பூட்டிக்கொண்டு சந்துக்குள் பின்னால் எடுப்பது எவ்வளவு பெரிய வித்தை என்று டிராக்டர்காரனுக்குத்தான் தெரியும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் டிரைலர் மறுபக்கம் போகும். அதில் நாற்பது வருடம் பழகிய ஆள். உட்கார்ந்து, உடம்பைப் பாதி திருப்பி, பக்கத்து சீட்டின் மேல் கையைப் போட்டுக்கொண்டு பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார். எழுத்துகள் உள்பக்கத்திலிருந்து இடம் வலமாகத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே, கயிறு பிடித்த பெண்களில் முதலாவதாகச் சேதுலட்சுமி நின்றாள். சற்றே கோணலாகச் சேர்ந்திருந்த இடது கையிலும் கயிறு இருந்தது.

வியாகுலம் குரல் கொடுக்க, எல்லோரும் வலை இழுக்கிற மாதிரியே ஒரு மூச்சாக இழுத்தார்கள். செல்லச்சாமி வண்டியைச் சீறவிடாமல் மெல்ல விட்டார். "வாங்க, வாங்க, இந்தப் பக்கம் கொஞ்சம், இன்னும் வாங்க" என்று சேதுலட்சுமி கத்தினாள். பாறை அவர் கண்ணில் படவே இல்லை. அவள் முகத்தை மட்டுமே பார்த்தார். அவள் நின்ற இடத்தை நோக்கி வண்டியைக் கொண்டுபோனார், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஒரு கை அகலம் விட்டு, கார் ரோட்டில் ஏறி நின்றது. வியாகுலம் விசிலடித்தார்.

"யய்யா, இப்படிப் பின்னாடி ஓட்டுற ஆள நான் பாத்ததில்ல. முன்னாடிதான் ஓட்டத் தெரியல ஒங்களுக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். இழுத்தவர்களுக்குச் செல்லச்சாமி ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்தபோது, அவர்கள் ஒன்றும் வாங்கிக்கொள்ளாமல் ஒரு பை மீனையும் சேதுலட்சுமி கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். லீமாரோஸ் மறுபடி போனில் வந்தாள். நேராக வீட்டுக்கு வர வேண்டும், நல்ல தண்ணீர் ஊற்றி அடிப்பக்கம் முழுவதும் கழுவியாக வேண்டும், சேதுலட்சுமிக்கு மாற்றுச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள், மீன் கொடுத்தார்களாமே, அதை அவளே குழம்பு வைத்துவிடுவாள். "நானே கழுவித் தாரேன்த்தா, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று செல்லச்சாமி நாலு தடவை சொன்னார்.

புறப்படுகிற நேரம். அவர் ஏறி உட்கார்ந்து காத்திருந்தார். சேதுலட்சுமி பின்கதவைத் திறந்தாள். மீன் பையைக் கீழே வைத்தாள். சீட்டில் மடித்துக் கிடந்த பிளாஸ்டிக் விரிப்பை எடுத்தாள். கதவைச் சாத்தினாள். முன்கதவைத் திறந்து, முன் சீட்டில் விரிப்பை விரித்து, ஈரச்சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஏதாவது பேசினால் கெட்டுப்போகும் என்று அவருக்குத் தெரியும். பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று மட்டும் காட்டிக்கொடுத்தார். வண்டியை எடுத்தார். ரோடு நேராகக் கிடந்தது. இரண்டு பக்கமும் கடல்.

நூறடிகூடப் போகவில்லை. கழுத்து தானாகத் திரும்பியது. பின் சீட்டு காலியாகக் கிடந்தது. ஒரு நொடி அவர் முகம் அப்படியே வெளுத்துவிட்டது.

சேதுலட்சுமி கோணல் கையை நீட்டி, அவர் தாடையைப் பிடித்து முன்பக்கமாகத் திருப்பினாள்.

"நான் இங்கன இருக்கேன்" என்றாள். "பாத்து ஓட்டுங்க."